நடைபொறி

நடைபொறி அல்லது டிரெட்மில் என்பது சுழலும் பட்டையின் மீது, இருந்த இடத்திலேயே நடக்கவும் ஓடவும் உதவும் உடற்பயிற்சிக் கருவி ஆகும். 1818 இல் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரமும் இதே ஆங்கிலப் பெயரால் அழைக்கப்பட்டது. வீட்டுக்கான கருவியை 1960களின் இறுதியில் அமெரிக்கரான வில்லியம் ஸ்டாப் உருவாக்கினார்.

தேர்ந்தெடுத்தல்

மின்னோடியின் திறன் குதிரைத்திறனில் குறிக்கப்படுகிறது. விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் சிறிது நேரமே எட்டக்கூடிய உச்சத் திறனாகும். வாங்குபவர் கேட்டறிய வேண்டியது தொடர்திறனையே. நடைக்கு ஏறத்தாழ 2 குதிரைத்திறன் போதும், ஓட்டத்துக்கு 2.5 முதல் 3 வரை தேவை. பட்டையின் நீளம் நடப்போருக்கு 120 செ.மீ., ஓடுவோருக்கு 140 செ.மீ. அளவில் இருத்தல் நன்று. (துணி உலர்த்துவதற்கு எந்த நீளமும் போதுமானது.)

பாதுகாப்பு

பட்டை பின்னோக்கி ஓடுவதால் தவறி விழுபவர் பின்புறம் தள்ளப்படுகிறார். பின்னால் சுவர் இருப்பின் இடையில் சிக்கி, பட்டை உராய்ந்து தோல் கருகும். எனவே பின்புறம் 2 மீட்டர் இடம் விடப்பட வேண்டும். இடம் குறைந்த வீடுகளில் பலரும் தவறுவது இங்கேதான். ஒரு குழந்தை இறந்ததைத் தொடர்ந்து 2021 இல் பெலோட்டன் நிறுவனம் தனது டிரெட் பிளஸ் கருவிகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. உடையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றினால் பொறி நின்றுவிடும். பயிற்சி முடிந்ததும் அச்சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.