மஞ்சள் ஜெர்சியும் மாத்திரையும்

1967 ஜூலை 13. பிரான்ஸின் மோன் வான்டூ மலை, கொளுத்தும் வெயில், நிழலே இல்லாத ஏற்றம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டாம் சிம்ப்சன் சைக்கிளோடு சாய்கிறார். தூக்கி உட்கார வைக்கிறாங்க. கொஞ்ச தூரத்தில் மறுபடி விழுகிறார். அவ்வளவுதான். வயசு 29.

சாதாரண ஆள் இல்லைங்க. சுரங்கத் தொழிலாளி மகன். 1962ல் டூரின் மஞ்சள் ஜெர்சி அணிந்த முதல் பிரிட்டிஷ்காரர். 1965 உலக சாம்பியன்.

பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமைனும் ஆல்கஹாலும் தெரிந்தன. 'போதும், நிறுத்து'ன்னு உடம்பு சொல்ற களைப்பை ஆம்ஃபெட்டமைன் மறைச்சிடும். உடல் சூட்டையும் ஏத்தும். ஆல்கஹால் நீர்ச்சத்தைக் குறைக்கும். கோடையில் ஹீட் ஸ்ட்ரோக் கேஸ் பார்க்கிறவங்களுக்கு இந்தக் கூட்டணி புரியும். கொடுமை என்னன்னா, அப்போ வீரர்கள் வாங்கிக் குடிக்கும் தண்ணீருக்கே பந்தயத்தில் கட்டுப்பாடு!

பிரான்ஸில் ஊக்கமருந்து தடைச்சட்டம் 1965லேயே வந்தாச்சு. அவர் ஜெர்சி பாக்கெட்டில் மூணு மாத்திரைக் குழாய்கள் இருந்தன. அதில் ரெண்டு காலி.