புறம்போக்கு: ஊருக்கெல்லாம் உரிய நிலத்தின் கதை

ஒருவரை இழித்துரைக்க இன்று நம் தெருக்களில் எளிதாக வந்து விழும் சொற்களுள் ஒன்று 'புறம்போக்கு'. எதற்கும் பயன்படாதவன், கேட்பாரற்றவன் என்னும் பொருளில் அதனை வழங்குகின்றோம். ஆயினும், நிலக்கணக்கில் அச்சொல்லுக்கு இகழ்ச்சிப் பொருள் ஏதும் இல்லை. வரிக் கணக்குக்குப் புறம்பே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரியும் ஓடையும், மந்தைவெளியும் மேய்ச்சல் தரையும், களத்துமேடும் சுடுகாடும், வண்டிப்பாதையும் ஊர்த்தோப்பும் அப்பெயருக்குள் அடங்கின. ஊருக்கெல்லாம் உரியதாயிருந்த நிலம் எவ்வாறு ஒருவர்க்கும் உரியதல்லாத நிலமாயிற்று? ஒருவர்க்கும் உரியதல்லாத நிலம் எவ்வாறு வலியவர் கைக்குப் போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அவ்வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று நம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே எழுதப்பட்டது.

பொதுநிலம் என்னும் எண்ணம் ஆங்கிலேயர் கொண்டுவந்தது அன்று. பல்லவர், சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகளில் 'மன்று', 'கன்றுமேய்பாழ்' என்னும் சொற்களைக் காண்கின்றோம். மன்று என்பது ஊரார் கூடும் வெளி. கன்றுமேய்பாழ் என்பது உழாமல் கன்றுகளின் மேய்ச்சலுக்கு விடப்பட்ட தரை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றின் பரப்பைக் கழித்துவிட்டே வரியைக் கணக்கிடுகின்றன. ஊர் வாழ வேண்டுமாயின் அதன் நிலத்தில் ஒரு பகுதி வருவாய்க்கு அப்பாற்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இனி நம் மாவட்டங்களுக்கு வருவோம். 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளுள் சேலமும் பாரமகாலும் அடங்கும். அவற்றை நிருவகிக்கக் கும்பினியார் அனுப்பியவர் அலெக்சாண்டர் ரீட் என்னும் படைத்தலைவர். அவருக்கு உதவியாளராய் வந்தவர்கள் மன்றோ, மக்லவுட், கிரகாம் என்னும் மூவர். பிற்காலத்தில் சென்னை ஆளுநராய்ப் புகழ்பெற்ற தாமஸ் மன்றோ, 1799 வரை ஏழாண்டுகள் இம்மண்ணில் அலைந்து திரிந்து நிலவருவாய்ப் பாடம் கற்றவரே. இவர்கள் ஊர் ஊராய்ச் சென்று வயல்களை அளந்து, உழுபவனோடு நேரே வரி பேசி முடிக்கும் முறையைத் தொடங்கினர். அதுவே இரயத்துவாரி முறையாய் வளர்ந்தது. 1802 முதல் சில ஆண்டுகள் மிட்டாதார் முறை குறுக்கிட்டபோதும், இறுதியில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைத்தது இரயத்துவாரியே.

இடைத்தரகர் இன்றி உழவனோடு நேரே பேசியது நன்மையே. மன்றோ உழவர்பால் பரிவு உடையவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பட்டாதாரர், ஒவ்வொரு பட்டாவுக்கும் ஒரு தீர்வை என்று கணக்கு இறுகியபோது, எண்ணுக்குள் அடங்காதவை யாவும் ஒரு பக்கத்தில் ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கமே புறம்போக்கு. அதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. புறம்போக்குக்கு எவரும் பட்டா கேட்க இயலாது என்பது நன்மை. இரண்டு நூற்றாண்டுகள் நம் ஏரிகளும் மந்தைவெளிகளும் பிழைத்துக் கிடந்ததற்கு அக்கணக்கே பெருங்காவல். அந்நிலத்தின் உடைமையாளர் ஊரார் அல்லர், அரசு என்று ஆயிற்று என்பது தீமை. நேற்றுவரை ஏரியைத் தூர்வாரியவன் இன்று அரசின் ஏரியில் அயலான் ஆனான். வரி தராத நிலம் வீண் நிலம் என்னும் எண்ணமும் அதனோடு வேரூன்றியது.

அந்நிலம் வீணாகவா கிடந்தது? அறுவடை முடிந்த கோடை இரவுகளில் நம் பகுதிக்கே உரிய தெருக்கூத்து நிகழ்ந்தது மந்தைவெளியில்தான். மாரியம்மன் பண்டிகைக்கு எருதாட்டம் நடந்ததும் ஊர்ப் பொதுவெளியில்தான். சிறுவர்கள் நீந்தப் பழகியது ஏரியில். கிட்டிப்புள் ஆடியது களத்துமேட்டில். ஆடிப் பதினெட்டன்று மேட்டூரிலும் மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காவிரிக் கரையில் கூடின, இன்றும் கூடுகின்றன. பொழுதுபோக்குப் பூங்கா என்னும் பெயர் அறியாத காலத்திலேயே, கட்டணம் இல்லாமல், சீட்டு இல்லாமல், ஏழையும் உடலையும் உள்ளத்தையும் ஆற்றிக்கொள்ள இடம் இருந்தது. அவ்விடத்தின் பெயர் புறம்போக்கு.

சமவெளியில் நிகழ்ந்தது இதுவாக, மலையில் நிகழ்ந்தது வேறு. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராய் இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். ஏற்காடு மெல்ல மெல்ல ஆங்கிலேயரின் கோடை வாழிடமாயிற்று. பின்னர் 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காடுகள் பல காப்புக்காடுகள் ஆயின. கண்மூடித்தனமான மரவெட்டலை அச்சட்டம் தடுத்தது உண்மை. அதே வேளையில், தலைமுறை தலைமுறையாய் அக்காட்டில் விறகும் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மலையாளி மக்களின் இயல்பான நடமாட்டம் பல இடங்களில் குற்றமாயிற்று. தோட்டக்காரர்க்கு மலை திறந்தது. மலையின் மக்களுக்கு அது சுருங்கியது.

இவ்விடத்தில் அதே காலத்து இங்கிலாந்தை நோக்குவது பயன்தரும். அந்நாட்டிலும் ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுச் செல்வர் தமதாக்கிக்கொண்ட கொடுமை நெடுங்காலம் நிகழ்ந்தது. அதனை எதிர்த்து 1865-இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. இலண்டனை அடுத்த எப்பிங் காட்டில், வில்லிங்கேல் என்னும் எளிய தொழிலாளர் குடும்பத்தினர், குளிர்காலத்தில் மரக்கிளை வெட்டும் தங்கள் பழைய உரிமையை விடாது பற்றி நின்றனர். அதற்காக 1866-இல் சிறையும் புகுந்தனர். வழக்குகள் தொடர்ந்தன. 1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறியது. அக்காடு என்றென்றும் வேலியின்றி, கட்டடமின்றி, மக்கள் உலாவி மகிழ்வதற்கென்றே காக்கப்படும் என்று அது விதித்தது. 1882 மே மாதம் விக்டோரியா அரசியார் நேரில் வந்து அக்காட்டை மக்களுக்கு உரியதாக்கினார். அதே 1882-ஆம் ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் வனச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே அரசியின் ஆட்சியில், ஒரே ஆண்டில், அங்கே காடு மக்களுக்குத் திறந்தது. இங்கே காட்டின் மக்களுக்கு அது அடைபட்டது. இங்கே பறிக்கப்பட்ட அவ்வுரிமையை ஓரளவேனும் திருப்பித்தர 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை நாம் காத்திருக்க நேர்ந்தது.

மக்கள் உலாவுவதற்கென்றே ஒரு நிலத்தை ஒதுக்கிவிட்டால் போதுமா என்றால், போதாது என்கிறது சென்னை நகரின் பட்டறிவு. 1859-இல் ஆளுநராய் வந்த டிரெவிலியன், பொதுமக்களுக்கென நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு பெரும் பூங்கா அமைக்க வழிகோலினார். 'பீப்பிள்ஸ் பார்க்' என்பது அதன் பெயர். பின்னர் விக்டோரியா மண்டபம் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கம் உடையதே. ஆயினும் நல்ல நோக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கூடிப் பூங்காவை விழுங்கிவிட்டன. நம் ஊர்களிலும் இதுவே நடைமுறை. ஓர் அலுவலகம் கட்ட வேண்டுமா, ஒரு தொட்டி எழுப்ப வேண்டுமா, குப்பை கொட்ட வேண்டுமா, உடனே நினைவுக்கு வருவது புறம்போக்கு. காலியாய்க் கிடக்கிறதே என்கின்றோம். காலியாய் இருப்பதுதான் அதன் பணி என்பதை மறந்துவிடுகின்றோம்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆக்கிரமிப்பைத் தடுக்க 1905-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் உண்டு. ஏரிகளைக் காக்க 2007-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. 2011 சனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு சிற்றூர்க் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊராரின் பொதுப் பயனுக்கே திருப்பித்தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் எனப் பணித்தது. அத்தீர்ப்பு எண்ணிய நிலவகைகளுள் நம் புறம்போக்கும் பெயரோடு இடம்பெற்றுள்ளது. நிலமற்ற தொழிலாளர்க்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி வழங்கிய குத்தகைகளுக்கு அத்தீர்ப்பு விலக்குக்கு இடம் வைத்திருப்பதும் குறிப்பிடத்தக்கது. இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏரிக்கரையில் போக்கிடமின்றிக் குடிசை போட்டவனை முதலில் அகற்றுவதும், ஏரிக்குள் மனைப்பிரிவு போட்டவனைக் கடைசியில் விசாரிப்பதும் பொதுநிலப் பாதுகாப்பு ஆகாது. ஏழைக்கு மாற்றிடம் தந்த பின்னரே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் சான்றும் நம் மண்ணிலேயே உண்டு. சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியை ஒட்டி மூக்கனேரி இருக்கின்றது. ஏறத்தாழ 58 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, மலையிலிருந்து இறங்கும் நீரை ஏந்தும் இடம். 2010-ஆம் ஆண்டு சேலம் மக்கள் குழு என்னும் குடிமக்கள் அமைப்பு அதனைச் சீரமைக்க முற்பட்டது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுசெல்லாமல் ஏரிக்குள்ளேயே குவித்து, 40-க்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாக்கி, அவற்றில் மரங்களை நட்டனர். பறவைகள் வரத் தொடங்கின. மாலை வேளைகளில் மனிதரும் கரைக்கு வரத் தொடங்கினர். இதில் ஓர் உண்மை புலப்படுகின்றது. மக்கள் வந்து மகிழும் ஏரியில் குப்பை கொட்டுவது கடினம். மக்கள் முதுகு காட்டிய ஏரியை மூடுவது எளிது. உலாவும் கால்களே பொதுநிலத்தின் வேலி. பயன்படுத்துதலும் பாதுகாத்தலும் பகைச்சொற்கள் அல்ல. முன்னாளில் ஊரார் ஏரியைக் காத்தது அதில் குளித்ததனால், கால்நடைக்கு நீர் காட்டியதனால், கரையில் அமர்ந்து கதை பேசியதனால்.

அவ்வாறு கூறும்போது, மகிழ்தல் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை மறக்கலாகாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆகாய கங்கை அருவிக்குச் செல்பவர், அங்கே பாறையிடுக்கில் மதுப்புட்டியை உடைத்துவிட்டு வந்தால், அவர் மலையை நுகர்ந்தாரேயன்றி மகிழவில்லை. அடுத்து வரும் குழந்தையின் பாதத்தை எண்ணாத மகிழ்ச்சி, பொதுநிலத்துக்குரிய மகிழ்ச்சி அன்று. மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கின்றது. அதே மே மாதத்தில் மலையாளி மக்கள் தங்கள் சேர்வராயனுக்கு மலையுச்சியில் விழா எடுக்கின்றனர். ஒருவர்க்கு அது காட்சி. மற்றவர்க்கு அது தாயகம். விருந்தினராய்ச் செல்பவர் விருந்தினராய் நடந்துகொள்ள வேண்டும்.

திருவிவிலியத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. லேவியரின் நகர்களைச் சுற்றி மேய்ச்சல் வெளி விடப்பட வேண்டும் என்று எண்ணிக்கை நூல் 35-ஆம் அதிகாரம் அளவு குறித்து விதிக்கின்றது. வீட்டையும் விற்கலாம், மீட்கலாம். ஆனால் அந்த வெளியை மட்டும் விற்கவே கூடாது என்று லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் தடுக்கின்றது. மண்ணுலகின் நலன்கள் அனைவர்க்கும் பொதுவானவை என்னும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையை நாம் அறிவோம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், எழில்மிகு இடங்கள் தனியார் வசமாவதால் மக்கள் அவற்றை அணுக இயலாமற் போவதையும் சூழலியல் குறைகளுள் ஒன்றாகச் சுட்டினார். ஏழைக்கு உணவு வேண்டும் என்பதை நாம் எளிதில் ஏற்கின்றோம். ஏழைக்கு ஓய்வும் நிழலும் நீர்க்கரையும் வேண்டும் என்பதை ஏற்கத் தயங்குகின்றோம். செல்வருக்குத் தோட்டம் உண்டு. ஏழைக்குப் புறம்போக்கை விட்டால் வேறு தோட்டம் ஏது?

வாசக அன்பர்களே, நம் ஊரில் எஞ்சியுள்ள பொதுநிலம் எது, அதன் எல்லை எது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? கிராம நிருவாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கின்றது. புலப்படத்தில் அது வரையப்பட்டிருக்கின்றது. ரீடும் மன்றோவும் தொடங்கிவைத்த கணக்கின் வழித்தோன்றலே அப்பதிவேடு. அன்று நிலத்தை நம்மிடமிருந்து பிரித்த அக்கணக்கே, இன்று நிலத்தை மீட்க நம் கையில் உள்ள சான்று. ஊராட்சிகளில் ஆண்டுதோறும் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் முதலிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. அடுத்த சபையில் ஒருவரேனும் எழுந்து, நம் ஊரின் ஏரியும் மந்தைவெளியும் பதிவேட்டில் எத்தனை ஏக்கர், தரையில் எத்தனை ஏக்கர் என்று கேட்கட்டும். விடையைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லட்டும். பிறகு, அன்று மாலையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்கு நடந்து செல்வோம்.