நெஞ்சில் நிற்கும் சோறு

கல்வராயன் மலையின் பழைய சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, சாமையும் தினையும் தின்றவரை நோய் அண்டவில்லை என்று முடித்துவிடுகிறோம். உணவுக்குழாய் ஒவ்வாமை விஷயத்தில் இந்தப் பெருமையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஈஸ்னோபில் என்ற வெள்ளையணுவுக்கு நலமான உணவுக்குழாயின் உள்தோலில் வேலையே கிடையாது. சிலருக்குப் பாலோ கோதுமையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாமல் அது அங்கே கூட்டமாக வந்து குடியேறும். குழாய் வீங்கி, வருஷக்கணக்கில் தழும்பேறிக் குறுகும். அப்படிப்பட்டவர்கள் தம்மையறியாமலே மெல்ல மெல்லத் தின்பார்கள், வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து இறக்குவார்கள். மலையில் அன்று உண்டதை நினைத்துப் பாருங்கள்: கேழ்வரகுக் களியைப் பிட்டுக் குழம்பில் புரட்டிப் பல் படாமல் விழுங்குவது, இல்லாவிட்டால் கூழ், கஞ்சி. குறுகிய குழாயிலும் இவை வழுக்கி இறங்கிவிடும். மாட்டிக்கொள்வது கறித்துண்டு, பரோட்டா போன்றவைதான். அன்று நோய் இல்லாமலே இருந்திருக்கலாம். அல்லது, இருந்தும் களி அதைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

மருத்துவர்களின் கண்ணும் வேறு பக்கம் இருந்தது. ஈஸ்னோபில் அணுவுக்கு 1879-இல் பால் எர்லிக் பெயர் வைத்தார். 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையிலிருந்து, காசநோய் போலவே தோன்றி ரத்தத்தில் ஈஸ்னோபில் ஏறும் ஒரு நோயைப் பற்றிய கட்டுரை வந்தது. அது யானைக்கால் புழுவின் வேலை என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் நம் ஊரில் ஈஸ்னோபிலியா என்றால் இருமல், இல்லையேல் பூச்சி. தவறில்லை, ஆனால் உணவுக்குழாயில் யாரும் தேடவில்லை. உலகமே தாமதம்தான்: ஆய்வாளர் அட்வுட்டின் குழு 12 நோயாளிகளைக் காட்டி இந்த உணவுக்குழாய்த் தொல்லையைத் தனி நோய் என்றது 1993-இல். புரதமில்லாத, அமினோ அமில உணவு மட்டும் கொடுத்த 10 குழந்தைகளுக்குத் தொல்லை தணிந்ததாக 1995-இல் வந்த ஆய்வுதான் சாப்பாட்டின் மேல் குற்றத்தைச் சுமத்தியது.

எண்டோஸ்கோபி பெருகியது, அதனால் நோயும் பெருகியதாகத் தெரிகிறது என்பார்கள். டென்மார்க்கின் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே 1997 முதல் 2012 வரை திசுப் பரிசோதனை ஏறக்குறைய இரு மடங்கானது. புதிய நோயாளிகளோ ஏறக்குறைய இருபது மடங்கு. ஆக, வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்கிறது. கல்வராயனில் அந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நடந்தது. ஜாகிர்தார் ஆதிக்கம் 1976 வரை நீடித்த மலையில், பிறகு சாலை ஏறியது, ரேஷன் அரிசி ஏறியது, மைதா ஏறியது. மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கியது. (அரிசி இந்த வழக்கில் பெரும்பாலும் நிரபராதி.) ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட நம்மிடம் டென்மார்க்கைப் போன்ற ஏடு இல்லை. இந்த மலையைக் கொண்ட கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல், அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். ஏடு இனிமேல்தான் தொடங்க வேண்டும். சோறு நெஞ்சில் நிற்கிறது என்று மலையிலிருந்து இறங்கி வருபவரை கேஸ் என்று அனுப்பிவிடாதீர்கள், டாக்டர்களே. குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மேலும் கீழுமாக ஆறு திசுத் துணுக்காவது எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.