மோட்டார் சைக்கிள் பாகங்களில் பழைய பெயிண்ட் உரித்தல்

மறுபூச்சுக்கு முன் வண்டியின் டேங்க், மட்கார்டு, சைடு கவர் முதலியவற்றிலிருந்து பழைய பூச்சை நீக்கும் வேலை இது. புதுப் பெயிண்ட் தனக்கு அடியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அடிப்பூச்சு பெயர்ந்தால் மேற்பூச்சும் சேர்ந்தே வரும்.

எல்லா வண்டியையும் தகடு தெரியும்வரை உரிக்க வேண்டியதில்லை. பெயிண்ட் தொட்டியில் தகட்டை முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஆலையில் ஏற்றும் அடிப்பூச்சின் கனம் சுமார் 20 மைக்ரான்தான். ஆனால் அது மடிப்புக்குள்ளும் புகுந்து துருவைத் தடுக்கும். பட்டறைப் பிரைமர் அதற்கு ஈடாகாது. நிறம் மட்டும் வெளுத்திருந்தால், பளபளப்பு போகுமளவுக்கு 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தாலே போதும். கொப்புளம், வெடிப்பு, துரு இருந்தால்தான் முழு உரிப்பு.

முழு உரிப்பு கேட்பவற்றில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை ஆற்றின் கரையோரங்களை வெள்ளம் சூழ்ந்தது. இப்படி நீரில் மூழ்கிய வண்டியில் மட்கார்டின் உள்மடிப்பிலும் டேங்கின் அடித்தையலிலும் வண்டல் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அங்கே பிடித்த துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து, மாதங்கள் கழித்துக் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தோடு நிறுத்தாமல், அதைச் சுற்றி இரண்டு விரற்கடை தள்ளியும் பளிச்சென்ற தகடு தெரியும்வரை உரிக்க வேண்டும்.

இரும்புத் தகட்டுக்கு விரைவான வழி பெயிண்ட் ரிமூவர். பழைய வகை ரிமூவர்களின் முக்கியச் சரக்கு டைகுளோரோமீத்தேன். அது பூச்சுக்குள் ஊடுருவி ஊதவைக்கும். பூச்சு சுருக்கம் விழுந்து தகட்டைவிட்டு எழும்பும். சீக்கிரம் ஆவியாகாமலிருக்க அதில் மெழுகு கலந்திருப்பார்கள். பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் மேலே படியும் மெழுகுப் படலம் உடைந்துவிடும். கனமாக ஒரே திசையில் பூசி, கால் மணி நேரம் போல விட்டு, பட்டித் தகட்டால் வழிக்க வேண்டும். மிச்ச மெழுகைத் தின்னரால் துடைக்காவிட்டால் பிரைமர் ஒட்டாது.

டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் டப்பா மூடியைத் திறந்தாலே சீறும். ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கி, குனிந்து வேலை செய்பவரின் மூச்சில் ஏறும். உடலுக்குள் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவிவிடும். அமெரிக்கா 2024-இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. திறந்தவெளி நிழலில், அதிகாலையில் செய்வதே நலம். இந்தச் சரக்கு இல்லாத ரிமூவர் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும்.

டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். சூட்டுத் துப்பாக்கியும் பொறி பறக்கும் கிரைண்டரும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.

பிளாஸ்டிக் பாகங்களில் ரிமூவரே ஆகாது. உட்புறம் ‘ஏபிஎஸ்’ என்ற முத்திரை உள்ள பாகம் அதில் கரைந்து கூழாகிவிடும். ‘பிபி’ எனப்படும் பாலிபுரோப்பிலீனுக்குத் தேய்த்தபின் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம்.

வழித்தெடுத்த கூழையும், காரீயம் கலந்திருக்கக்கூடிய பழைய பூச்சின் தூளையும் சாக்கடையிலோ ஆற்றிலோ விடக் கூடாது. பெயிண்டில் காரீயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் 2016-ஆம் ஆண்டு இந்திய விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டுமே. வண்டிப் பெயிண்ட் அதில் அடங்காது. உலர் பேப்பரைவிட நீர்விட்டுத் தேய்ப்பது மேல் என்பதற்கு இந்தக் காரீயத் தூளும் ஒரு காரணம்.

உரித்த தகட்டை நன்றாகக் காயவைத்து அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் சில மணி நேரத்திலேயே செந்தூள் படரும். நிறத்தையே மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பதிய வேண்டும்.