காலித் தொட்டியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்

போன வாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றி எழுதியபோது ஒருவர் கேட்டிருந்தார்: "சார், விமானத்திலும் மண்ணெண்ணெய்தான் ஊற்றுகிறார்களாமே, உண்மையா?" உண்மைதான். ஜெட் எரிபொருள் என்பது நன்கு சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெய். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு பழைய கதைக்குப் போகலாம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ஸ்டவ்வை வகுப்புக்கே எடுத்துப்போய்ப் பாடம் நடத்தியவன் நான். பர்னரைச் சூடாக்காமல் பம்ப் அடித்தால் எண்ணெய் பீய்ச்சும், சரியாக எரியாது. கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பற்றவைத்து, பர்னர் சூடானபின் அடித்தால் நீலமாக எரியும். எரிவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. அந்த ஆவிக்குச் சூடு வேண்டும், காற்று வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 ஜூலை 17. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம். டி.டபிள்யூ.ஏ. 800 என்ற போயிங் 747 பாரிஸுக்குப் புறப்பட வேண்டும். அன்று மாலைதான் ஏதென்ஸிலிருந்து வந்திறங்கியது. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது தாமதமாகி, 8:19க்குத்தான் மேலே ஏறியது. பன்னிரண்டு நிமிடத்தில், சுமார் 13,700 அடி உயரத்தில், வெடித்துச் சிதறி அட்லாண்டிக்கில் விழுந்தது. 230 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் பென்சில்வேனியாவின் மான்டூர்ஸ்வில் என்ற சிற்றூர்ப் பள்ளியின் பிரெஞ்சு மன்றத்தைச் சேர்ந்த 16 மாணவர்களும், துணைக்குப் போன 5 பெரியவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போன எந்த ஆசிரியருக்கும் இந்த வரியைத் தாண்டிப் போவது சிரமம்.

குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். எஃப்.பி.ஐ. பதினாறு மாதம் விசாரித்து, குற்றச் செயலுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. கடலடியிலிருந்து ஏறத்தாழ முழு விமானத்தையும் துண்டு துண்டாக எடுத்து, அதில் ஒரு பகுதியை ஒரு கொட்டகையில் கோத்து நிறுத்தினார்கள். நான்காண்டு விசாரணைக்குப் பின், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவைச் சொன்னது: வெடித்தது உடலின் நடுவே, இரு இறக்கைகளுக்கும் இடையில் உள்ள எரிபொருள் தொட்டி.

அந்தத் தொட்டி சுமார் 49,000 லிட்டர் கொள்ளும். அன்று அதில் இருந்தது ஏறக்குறைய 190 லிட்டர். பாரிஸ் போக இறக்கைத் தொட்டிகளில் இருந்ததே போதும் என்பதால் நடுத்தொட்டியை நிரப்பவில்லை. அதில் தப்பில்லை, வழக்கம்தான். ஆனால் அந்தத் தொட்டிக்கு நேர் கீழேதான் ஏர் கண்டிஷனர் இயந்திரங்கள் இருந்தன. கோடை மாலையில், விமானம் தரையில் நின்றபோது, அவை சுமார் இரண்டரை மணி நேரம் ஓடின. உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி, மேலே இருந்த தொட்டிக்குச் சூடு. அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மேலே முழுக்க காற்று. பர்னர் சூடாகிவிட்டது. உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறைய, ஆவி தீப்பற்றத் தேவையான சூடும் குறைகிறது. மிச்சம் ஒரு பொறிதான். அது எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவு, எரிபொருள் அளவுமானியின் கம்பி வழியாக உள்ளே போயிருக்கலாம் என்பதே வாரியத்தின் கணிப்பு.

சொல்ல வந்தது இதைத்தான். அதுவரை விமான உலகத்தின் நம்பிக்கை, "தொட்டிக்குள் பொறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்பது. ஆவி எரியும் நிலையில் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1963 டிசம்பர் 8 அன்று பான் ஆம் 214 மின்னல் தாக்கி மேரிலாந்தில் விழுந்து 81 பேர் இறந்தார்கள். தொட்டிக்குள் உள்ள ஆவியையே எரியாததாக்க வழி பாருங்கள் என்று அப்போதே அரசுக்குள் பரிந்துரை போனது. 1990 மே மாதம் மணிலாவில் ஒரு போயிங் 737 நிறுத்துமிடத்திலிருந்து நகரும்போதே நடுத்தொட்டி வெடித்து 8 பேர் இறந்தார்கள். டி.டபிள்யூ.ஏ.வுக்குப் பின்னும், 2001 மார்ச் 3 அன்று பாங்காக்கில் ஒரு 737 தரையில் நின்றபடியே வெடித்தது. பிரதமர் தக்சின் ஏற வேண்டிய விமானம் என்பதால் முதலில் குண்டு என்றே நினைத்தார்கள். இறந்தது ஒரு விமானப் பணியாளர். அங்கும் அதே கதைதான்: வெயில், காலியான நடுத்தொட்டி, கீழே ஓடிக்கொண்டிருந்த ஏர் கண்டிஷனர்.

சூடு ஏறுவது தரையில் என்றால், மருந்தையும் தரையிலேயே கொடுக்கலாமே? அப்படித்தான் யோசித்தார்கள். மூன்று வழிகள் பேசப்பட்டன.

ஒன்று, நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் உள்ள குளிர்ந்த எரிபொருளைப் புறப்படுமுன் நடுத்தொட்டியில் கொஞ்சம் ஊற்றுவது. இதை வாரியம் 1996 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. எடை கூடும் என்பது எதிர்வாதம்.

இரண்டு, விமானத்தின் சொந்த ஏர் கண்டிஷனரை நிறுத்திவிட்டு, தரையிலுள்ள இயந்திரத்திலிருந்து குழாய் போட்டுக் குளிர்காற்று கொடுப்பது. எளிய வழி. ஆனால் எல்லா நிலையத்திலும் அந்த வசதி இல்லை. குழாயைக் கழற்றி விமானம் நகர்ந்ததும் பழைய சூடு திரும்பும்.

மூன்றாவதுதான் பெரிய யோசனை. புறப்படுமுன் தரையிலிருந்து குழாய் மூலம் தொட்டிக்குள் நைட்ரஜனை ஏற்றி, அங்குள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவது. அப்புறம் பொறி வந்தாலும் பற்றாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு 737இல் சோதித்துப் பார்த்தது. காலித் தொட்டியில் ஏற்றிய நைட்ரஜன், ஆபத்து அதிகமுள்ள ஏறுமுகம் முழுக்கத் தாக்குப்பிடித்தது. எந்தத் தொட்டி அதிக ஆபத்தோ, அதிலேயே மருந்து நன்றாக வேலை செய்தது!

ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் நைட்ரஜன் ஆலை, ஒவ்வொரு விமானத்திலும் புதுக் குழாய், வேலை செய்பவர்களுக்கு மூச்சுத்திணறும் அபாயம். 2001இல் தொழில்துறைக் குழு கணக்குப் போட்டு, செலவு பில்லியன் டாலர்களில், பலன் அதற்கு ஈடாகாது என்றது. காப்பாற்றப்படும் உயிருக்கு டாலரில் விலை போட்டுப் பார்க்கும் கணக்கு அது. அப்படி ஒரு கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மான்டூர்ஸ்வில்லில் போய் அதை விளக்கச் சொன்னால் என்னால் முடியாது.

நல்லவேளை, நிர்வாகத்தின் பொறியாளர்கள் அதோடு விடவில்லை. போர் விமானங்களுக்கு ஆக்சிஜனை 9 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்பது பழைய அளவு. பயணிகள் விமானத்துக்குச் சுமார் 12 சதவீதமே போதும் என்று சோதனையில் தெரிந்தது. அந்த அளவு என்றால் தரையில் ஆலை வேண்டாம். என்ஜினிலிருந்து வரும் காற்றை நுண்குழாய்ச் சவ்வுகளில் செலுத்தினால் நைட்ரஜன் தனியாகப் பிரியும். சின்ன இயந்திரம், விமானத்திலேயே வைத்துவிடலாம். 2008 ஜூலையில் அது சட்டமானது. புது விமானங்களுக்கு இரண்டு ஆண்டுத் தவணையிலும், பழையவற்றுக்கு ஒன்பது ஆண்டுத் தவணையிலும்.

1963 பரிந்துரை, 2008 சட்டம். இடையில் 45 ஆண்டுகள். தரையிலிருந்து நைட்ரஜன் ஏற்றும் திட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனாலும் அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். முடியாது என்று தள்ளிவைத்த ஒரு வேலையைத் தரையில் செய்துகாட்டியது அதுதான்.

அடுத்தமுறை விமானம் ஏறும்போது ஏரோபிரிட்ஜ் அடியில் விமானத்தோடு கோத்திருக்கும் தடித்த குழாயைப் பாருங்கள். தரையிலிருந்து குளிர்காற்று கொடுக்கும் குழாய் அது. எரிபொருள் மிச்சம் பிடிக்கத்தான் முக்கியமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கோத்திருக்கும் நேரமெல்லாம் நடுத்தொட்டிக்கு அடியில் ஒரு அடுப்பு அணைந்திருக்கிறது என்று பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.