தண்டவாளத்தில் முடியும் காதல்கள்

காதலில் துரோகம் என்றாலே அதைத் தனிமனித ஒழுக்கக் கேடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஏமாற்றுகிறவனுக்குச் சாதி எப்படித் துணை நிற்கிறது என்று கேட்பதில்லை. தோழர்களே, இரண்டு பழைய படங்களை முன்வைத்து அதைக் கேட்டுப் பார்ப்போம்.

1936இல் பாம்பே டாக்கீஸ் தயாரித்த இந்திப் படம் 'அச்சுத் கன்யா'. இயக்கியவர் ஃபிரான்ஸ் ஆஸ்டன். பிராமணப் பையன் பிரதாப்பும் தலித் பெண் கஸ்தூரியும் விரும்புகிறார்கள். சாதி குறுக்கே நிற்க, இருவருக்கும் வேறு இடத்தில் மணம் முடிகிறது. கஸ்தூரி கணவனுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனாலும் சூழ்ச்சியால் அவள்மீது சந்தேகம் மூட்டப்படுகிறது. முடிவில் ரயில்வே கேட்டில் சண்டையிடும் இரண்டு ஆண்களைக் காப்பாற்றப்போய் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள்.

1954இல் வந்த மலையாளப் படம் 'நீலக்குயில்'. உறூபின் கதை; பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கினார்கள். பள்ளி ஆசிரியர் ஸ்ரீதரன் நாயர் நீலி என்னும் தலித் பெண்ணோடு உறவு கொள்கிறார். அவள் கருவுற்றதும் ஊருக்கு அஞ்சிக் கைகழுவிவிட்டு, சொந்தச் சாதியில் நளினியை மணக்கிறார். ஊரால் ஒதுக்கப்பட்ட நீலி ரயில் பாதையருகே பிணமாகக் கிடக்கிறாள். பக்கத்தில் பச்சைக் குழந்தை. அதை எடுத்து வளர்ப்பவர் தபால்காரர் சங்கரன் நாயர்.

ஸ்ரீதரன் இரண்டு பெண்களை ஏமாற்றுகிறார். நளினியிடம் உண்மையை மறைக்க வேண்டியிருக்கிறது. நீலியை ஏமாற்ற அந்தச் சிரமம்கூட இல்லை. அவளைக் கைவிட்டதற்காக ஊர் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காது. சாதி தரும் பாதுகாப்பு இதுதான்.

கடைசியில் அவர் உண்மையை ஒப்புக்கொள்கிறார், மகனை ஏற்கிறார், நளினியும் மன்னிக்கிறாள். படம் பார்த்தவர்களும் மன்னித்தார்கள். மன்னிக்கும் உரிமை உண்மையில் யாருக்கு உண்டோ, அந்த நீலி உயிரோடு இல்லை.

அந்தக் காலத்தில் இது துணிச்சலான படம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்பு, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' வந்தபோது நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தலித் பெண்ணான பி.கே. ரோஸி அதில் நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் அவரை விரட்டினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்து, அடையாளத்தை மறைத்து வாழ்ந்தார். நீலி வேடத்திலோ தலித் அல்லாத மிஸ் குமாரி நடித்தார். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. தலித் பெண்ணின் கதை திரைக்கு வரலாம், தலித் பெண் மட்டும் வரக்கூடாது.

கஸ்தூரியும் சாகிறாள், நீலியும் சாகிறாள். இரண்டு முறையும் தண்டவாளம்தான். சாதி கடந்து காதலித்த தலித் இளைஞர்களின் உடல்களைத் தருமபுரியில் 2013இலும், நாமக்கல் மாவட்டத்தில் 2015இலும் தண்டவாளத்தில் பார்த்த நமக்கு இது வெறும் சினிமா முடிவாகத் தெரியவில்லை.

கள வேலையில், திருமண வாக்கை நம்பிக் கைவிடப்பட்ட பெண்களைச் சந்திக்கிறோம். "நீ ஏன் நம்பினாய்?" என்பதே அவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. நீலியிடமும் ஊர் அதைத்தான் கேட்டிருக்கும். ஏமாற்றியவனிடம் அந்தக் கேள்வியைத் திருப்புவதிலிருந்து நம் வேலை தொடங்குகிறது.