பொரிப்பகத்து மணல்

ஊர்வனவற்றின் முட்டைகளை மனிதர்கள் பொரிக்கவைத்த வரலாற்றை வெப்பநிலையின் வரலாறாகவே எழுதிவருகிறார்கள். அடைகாக்கும் வெப்பம் குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது என்பதை 1966இல் மதலேன் ஷார்னியே ஆப்பிரிக்க அகாமா ஓணானிடம் கண்டு சொன்ன பிறகு அந்தப் போக்கு இன்னும் வலுத்தது. ஆனால் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை என்னும் கடலாமைக்காக நடந்துவரும் வேலையைப் பார்த்தால், ஈரத்தைப் பிடித்துவைப்பதே அடிப்படைத் திறன் என்று தோன்றுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்தது. நாய்களிடமிருந்தும் முட்டை திருடுவோரிடமிருந்தும் காக்க, வேலியிட்ட பொரிப்பகத்துக்கு முட்டைகளை மாற்றினார்கள்.

மாற்றும் முறையிலேயே ஈரத்தின் முக்கியத்துவம் தெரிகிறது. மேலே கிடக்கும் காய்ந்த மணலை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குழிக்குள் சரியும். ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற குடம்போல் தோண்ட வேண்டும். அந்த வடிவம் நிற்பதே மணலில் ஈரம் இருப்பதால்தான். நூறு முட்டைக்குமேல் அடுக்கிய பின், ஈரமணலை முதலில் போட்டு, காய்ந்த மணலை மேலே பரப்புகிறார்கள். தோல்போன்ற ஓட்டின் வழியே நீர் போய்வரும். மணல் வறண்டால் முட்டை ஒடுங்கும், நீர் தேங்கினால் கருவுக்கு மூச்சு முட்டும். ஆகவே அலை ஏறாத, ஆனால் அடிமணல் காயாத இடமே பொரிப்பகத்துக்கு ஏற்றது.

பாலைத் தீர்மானிப்பது வெப்பம்தானே, ஈரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தரைக்கு மேலே ஸ்டைரோஃபோம் பெட்டிகளில் பொரித்த கடலாமைக் குஞ்சுகளில் ஆண்கள் மிகுந்துவிடும் என்று 1982இல் நிக்கலஸ் ம்ரோசோவ்ஸ்கி எச்சரித்தார். பெட்டி மணலைவிடக் குளிர்ந்திருந்ததே காரணம். ஆனால் அந்த எச்சரிக்கை மணலின் பக்கமே சாய்கிறது. ஈரமணல் மெல்லச் சூடேறும், நீர் ஆவியாகும்போது குளிரும். அங்கே ஈரமும் வெப்பமும் ஒன்றையொன்று பிணைத்தே நிற்கின்றன. ஒன்றை மட்டும் கட்டுப்படுத்தப் போனால் மற்றது கைநழுவும்.

எல்லா முட்டைக்கும் ஈரம் வேண்டுமா என்பது அடுத்த ஆட்சேபம். வேண்டாம், வீட்டுப் பல்லியின் முட்டை கெட்டியான ஓட்டோடு சுவர் இடுக்கில் காய்ந்த நிலையிலேயே பொரிக்கிறது. ஆனால் மெல்லோட்டு முட்டைகளுக்கு அந்த விதிவிலக்கு இல்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி பேக்கார்டும் சகாக்களும் 1970, 80களில் நன்னீர் ஆமை முட்டைகளை அளவிட்ட நீர் கலந்த வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்களில் வைத்துப் பார்த்தார்கள். ஈரம் கூடிய ஊடகத்தில் பொரிய நாள் கூடியது, குஞ்சும் பெரிதாக வந்தது. அவர்கள் அளந்தது முட்டையைத் தொட்டிருந்த பொருளின் ஈரத்தை. இன்று வீட்டுப் பெட்டியில் பாம்பு முட்டையோ ஓணான் முட்டையோ வைப்பவர்கள் காற்றின் ஈரப்பத எண்ணை மட்டும் நம்பினால் பாதி வேலையே ஆகும். ஊடகத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே முதல் கணக்கு. கடற்கரைத் தொண்டர்கள் மணலைக் கையால் பிடித்துப் பார்ப்பதும் அதே கணக்குதான்.